காற்றுக்கு முன்னே ஓடியவர்

கட்டு மிகச் சிறியது. ஒரு சாண் நீளங்கூட இல்லாத வெண்ணிறக் கேபிள் டை; மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவதற்கென்று அவர் தம் கருவிப் பையில் எப்போதும் வைத்திருக்கும் நூற்றில் ஒன்று. அதைச் சுற்றி வளைத்து, பல்லில் பல் கோத்து இறுக்கி, மிஞ்சிய வாலை நறுக்கி எறிய அவருக்கு ஆனது மூன்று மூச்சு நேரம். நறுக்கிய முனை மனைவியின் விரலைக் கீறிவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றினார். கைக்கு அகப்பட்டது சிவப்பு நாடா. கட்டப்பட்ட உறையும் சிவப்பு. கட்டு கண்ணுக்கு மறைந்தது.

விடுப்பின் ஆறாம் நாள் காலை, விடுதி அறையின் குளியலறை வாசலில், ஈரத் துண்டுகளுக்கு நடுவே குந்தியிருந்து இதைச் செய்தார். உள்ளே மனைவி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் ஓசை நிற்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். உயர்ந்த கட்டடங்களின் உச்சி அறைகளில், எண்ணெய் மணக்கும் சக்கரங்களுக்கும் பேழைகளுக்கும் இடையே இருபது ஆண்டுகளைக் கழித்தவர். அத்தொழிலில் உயிர்க்காவலாக ஒரு விதி உண்டு. ஒவ்வொரு தளத்துக் கதவிலும் ஒரு தொடுமுனை இருக்கும். கதவு சற்றே திறந்திருந்தாலும் அம்முனை பிரிந்து மின்தூக்கியை அசையவிடாது. சோதனைக்காக அந்தக் காவலை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து ஏமாற்றலாம். ஏமாற்றியவன் அக்கணமே தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அங்கே தொங்கவிட வேண்டும். வேலை முடிந்ததும், இணைத்த கையே கம்பியை எடுக்க வேண்டும். அட்டை திரும்பாமல் எவனும் வீட்டுக்குப் போவதில்லை. மறந்துபோன ஒரு கம்பி, திறந்த கதவோடு ஓர் உயிரைப் பிளந்துவிடும்.

இந்தக் கதையை அவர் எங்கும் சொல்வார். விடுப்பின் இரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையிலும் சொன்னார்.

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் மனைவியின் தங்கை. நீச்சல்குளத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருபவள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர், அப்பெயர் அவளுக்குப் பொருந்தாத நாளை யாரும் கண்டதில்லை. "மாமா லிஃப்ட் கதைக்குள்ள போயிட்டாரு. யாராவது அவசரக் கதவைத் திறந்து வைங்கப்பா."

"சிரி, நல்லா சிரி. சிகப்பு அட்டை இல்லாம ஒரு கம்பிகூட நான் போட்டதில்ல, தெரியுமா?"

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் மனைவி.

"இருபது வருஷமா."

"ஒரு தடவைகூட மறந்ததில்லையா?"

"ஒரு தடவைகூட."

ஆகவே, ஒரு காவலைக் கட்டிவைப்பது என்னவென்பதை அந்தக் கரையில் அவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் இல்லை. மூன்று மூச்சில் மூன்றாவது சற்று நீண்டது அதனால்தான்.

அந்தக் காயலுக்கு அவர்கள் வருவது இது ஐந்தாம் ஆண்டு. ஆண்டில் பத்து நாள். மூவருக்கும் கிடைக்கும் விடுப்பு ஒன்றுகூடும் பத்து நாள். வெள்ளை மணல், முழங்கால் முதல் மார்பளவு வரை தெளிந்த நீர், வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து கரையை நோக்கி இடையறாது வீசும் காற்று. அக்காளும் தங்கையும் பட்டம் பூட்டிய பலகையில் நீர்மேல் ஓடக் கற்றது இங்கேதான். அவர் பலகையில் ஏறியதில்லை. கரையில் நின்று பட்டத்தைத் தூக்கிவிடுவதும் இறங்கும்போது பிடிப்பதும் அவர் பங்கு.

பட்டம் என்றால் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டமன்று. ஓர் அறையை மூடும் அளவுள்ள பிறைவடிவத் துணி. அதன் முதுகெலும்பாகக் காற்றடைத்த குழாய். அதிலிருந்து கீழிறங்கும் நான்கு நெடுங்கயிறுகள். அவற்றின் முடிவில் ஒரு பிடிகோல். பிடிகோலின் நடுவே தொங்கும் வளையம், ஓடுபவரின் இடுப்புக் கச்சையில் உள்ள கொக்கியில் மாட்டப்படும். காற்றின் முழு வலிமையும் அந்த வளையத்தின் வழியே உடலுக்கு இறங்குகிறது. பாரம் இழுக்கும்போது வளையத்தைக் கொக்கியிலிருந்து கழற்ற மனிதக் கையால் ஆகாது. அதற்காகவே வளையத்தின் தலையில் ஒரு சிவப்பு உறை இருக்கிறது; ரிலீஸ் என்பார்கள். அதை முன்னோக்கித் தள்ளினால் வளையம் வாய் பிளக்கும். பட்டம் வலுவிழந்து, துவைத்த துணி போல நீரில் விழும். அந்த விளையாட்டில் உயிருக்கு உள்ள கடைசிக் கதவு அந்த உறை.

மனைவியின் உறைதான் கெட்டிருந்தது. உள்ளே இருந்த வில் தளர்ந்து, மணலும் உப்பும் ஏறி, தள்ளாமலே திறந்துகொண்டது. மூன்றாம் நாள் இருமுறை. நான்காம் நாள் நான்குமுறை. ஐந்தாம் நாள் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். பலகை வேகம் எடுத்து, உடல் சாய்ந்து, இதோ இப்போது என்னும் கணத்தில் 'டக்' என்று ஓர் ஒலி, பட்டம் விழும். அப்புறம் கயிறுகளைச் சேர்த்துக்கொண்டு, நனைந்த துணியைத் தோளில் சுமந்து, கரையோரமாக அரை மைல் நடை.

பயிற்சிப் பள்ளி நடத்துபவளை எல்லாரும் கேப்டன் என்றே அழைத்தார்கள். ஐம்பது வயது, உப்பில் ஊறி வெளுத்த புருவம், கழுத்தில் ஊதல். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வில்லு போயிடுச்சு. புதுசு சொல்லியிருக்கேன், வியாழக்கிழமை வரும்."

"வியாழக்கிழமை நாங்க ஊருக்கே போயிடுவோம்," என்றாள் மனைவி.

"தானாத் திறக்குற ரிலீஸால இதுவரைக்கும் யாரும் செத்ததில்லம்மா. நடந்து வா, உடம்புக்கு நல்லது."

அவளுக்கு எஞ்சியிருந்த ஆசை ஒன்றே. காற்று தள்ளும் திசையில் யாரும் ஓடலாம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர, காற்றைச் சாய்த்து அறுத்து, அதற்கு எதிராக மேலேற வேண்டும். அது கைவந்தால் கற்றவர், கைவராதவரை மாணவர். கரையில் ஒரு கம்பமும் அதன் உச்சியில் நிறம்போன கொடியும் உண்டு. ஐந்து ஆண்டுகளாக அந்தக் கம்பத்திலிருந்து புறப்பட்டுக் கம்பத்துக்கு நடந்தே வந்தவள் அவள். அறுவை அரங்கில் செவிலியாக, பகலென்றும் இரவென்றும் பாராது பிறர் உடலின் முன் நின்றே தேய்ந்த கால்கள் அவை. ஐந்தாம் நாள் மாலை அவள் ஈரக்கச்சையோடு கட்டில் விளிம்பில் அமர்ந்து, "எனக்கு இது வராதுங்க," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் அந்தக் கட்டைப் போட்டிருக்கமாட்டார்.

மெல்லிய டை, உண்மையில் ஆபத்து வந்து இரு கையாலும் ஓங்கித் தள்ளினால் அறுந்துவிடும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். கட்டியபின் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அறுபடவில்லை. பயந்த கைக்கு வலிமை மிகுதி என்று அதற்கும் ஒரு விடை சொல்லிக்கொண்டார்.

ஆறாம் நாள் கரையில், வழக்கம்போல் மனைவி கேள்விகளைத் தொடுத்தாள். அறுவை அரங்கில் வயிற்றை மூடுமுன் துணித்துண்டுகளை எண்ணும் அதே குரல். ஒருவர் கேட்பார், ஒருவர் விடை சொல்வார். விடை சொன்ன குரல் நம்பப்படும். அந்த நம்பிக்கையின் மேல்தான் அங்கே தையல் விழுகிறது.

"கயிறு?"

"பார்த்தாச்சு."

"குழாய்?"

"கல்லு மாதிரி இருக்கு."

"ரிலீஸ்?"

ஒவ்வொரு காலையும் பட்டம் ஏறுமுன் மணலில் வைத்து ஒருமுறை உறையைத் தள்ளித் திறந்து காட்ட வேண்டும் என்பது கேப்டன் வைத்த முறை. அவர் பிடிகோலை மனைவியின் கையில் கொடுத்தார்.

"ரூம்லயே தள்ளிப் பார்த்துட்டேன். வில்லையும் கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

அவள் தலையசைத்தாள். இரண்டாம் முறை கேட்கவில்லை.

அன்று அவள் ஏறினாள். முதற்சுற்றில் கம்பத்துக்கு நூறு முழம் கீழே கரை சேர்ந்தாள்; இரண்டாவதில் முப்பது; மூன்றாவதில் பட்டத்தைத் தாழ்த்திப் பிடித்து, முதுகு நீரைத் தொடுமளவு சாய்ந்து, காற்றின் முகத்தையே பார்த்தபடி வந்தவள் கம்பத்தைக் கடந்து மேலே போய்த் திரும்பினாள். கூவிய கூவலில் கரையோரக் கொக்குகள் எழுந்தன.

"என்னங்க! பார்த்தீங்களா? கம்பத்துக்கு மேல! ரெண்டு படகு தூரம் மேல!"

"அக்கா, இனிமே உனக்கு செருப்புச் செலவு மிச்சம்," என்று நீருக்குள்ளிருந்து கத்தினாள் வாலு.

அவர் கைதட்டினார். தட்டிய கைகளுள் ஒன்றில் அந்த டையின் பல் அழுத்திய தடம் இன்னும் இருந்தது.

மாலையில் அறுத்துவிட எண்ணினார். அறைக்கு வந்ததும் மனைவி பிடிகோலை நன்னீரில் கழுவித் துடைத்து, கைப்பிள்ளையைக் கிடத்துவது போல நாற்காலியில் வைத்தாள். "நாளைக்கும் இப்படியே இருந்தா போதுங்க. இன்னும் ஒரே ஒரு நாள்." கருவிப் பையின் வாயைத் திறந்தவர் மூடினார். ஒரே ஒரு நாள். ஊரில், பொறுமையற்ற கடைக்காரர்களும் நோயாளியைத் தள்ளுவண்டியில் வைத்துக் காத்திருப்போரும் பழுதான மின்தூக்கியை ஓட்டிவிடச் சொல்லி அவரிடம் கேட்பதும் அப்படித்தான்: ஒரே ஒரு மணி நேரம், ஒரே ஒரு நடை.

ஏழாம் நாள் வானம் நன்றாகத்தான் விடிந்தது. ஆயினும் கொக்குகள் நீரில் இல்லை. கரைக்குப் பின்னாலிருந்த சதுப்பில், எல்லாம் ஒரே திசை நோக்கி, கழுத்தை உள்ளிழுத்து நின்றன. பத்து மணிக்குக் காற்று வழக்கத்தினும் வலுத்தது. உள்நாட்டுப் பக்கம், மரங்களின் தலைக்கு மேல், மை தோய்த்த விரலால் இழுத்தாற்போல ஒரு கோடு.

அன்று வாலுவுக்குத் தேர்வு. வரும் பருவம் முதல் அவளைப் பள்ளியிலேயே பயிற்சியாளராக வைத்துக்கொள்வதாகக் கேப்டன் சொல்லியிருந்தாள். குளத்து வேலையை விட்டுவிடும் துணிவோடுதான் அவள் இம்முறை வந்திருந்தாள். காயலின் நடுவே விழுந்து கிடக்கும் ஒருவரைப் பட்டத்தோடு சென்று இழுத்து வர வேண்டும். விழுந்து கிடப்பவளாகக் கேப்டனின் உதவியாள் ஒருத்தி நீரில் மிதந்துகொண்டிருந்தாள். ஆனால் வாலுவின் பட்டம் பெரியது. இந்தக் காற்றுக்கு அது மிகை.

"உன் அக்காவோடது சின்னது. அதை வாங்கிக்க," என்றாள் கேப்டன். "இறக்கி ஏத்த நேரமில்ல. பறக்கும்போதே கை மாத்திக்குங்க."

பறக்கும் பட்டத்தைக் கைமாற்றுவது பழகியவர்களுக்கு எளிது. ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று, பட்டத்தைத் தலைக்கு நேர்மேலே அசையாமல் நிறுத்தி, வளையத்தைத் தம் கொக்கியிலிருந்து விடுவித்து அடுத்தவர் கொக்கியில் மாட்டுவார். பட்டம் இறங்குவதில்லை. இறங்காத பட்டத்துக்கு மணல்மேல் சோதனையும் இல்லை.

அவர் கரையில், கால்பம்பின் அருகே நின்றார். முப்பது அடி தொலைவில் மனைவி சிரித்துக்கொண்டே வளையத்தை நீட்டுவதையும் வாலு அதை வாங்குவதையும் கண்டார். வாய் தானே திறந்தது.

"வாலு! ஒரு நிமிஷம்!"

மூன்று பெண்களும் திரும்பினார்கள். வாலு, மனைவி, ஊதலை வாயருகே வைத்திருந்த கேப்டன்.

"என்ன மாமா?"

சொல்ல வேண்டியது ஐந்தாறு சொல். அதைக் கேட்டதும் மனைவியின் முகம் எப்படி மாறும் என்பதையும், இரண்டு படகுத் தூரம் மேலேறிய நேற்றைய நாள் என்னவாகும் என்பதையும், கேப்டன் இதழைச் சுழிப்பதையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் முழுவதும் பார்த்துவிட்டார்.

"பார்த்துப் போ," என்றார்.

"லிஃப்ட்ல போகும்போதும் இதைத்தான் சொல்லுவீங்களா? பார்த்துப் போ, கதவு இடிக்கும்னு?" என்று சிரித்தபடி பலகையில் கால் நுழைத்தாள். பட்டம் சாய்ந்தது. அவள் போய்விட்டாள்.

அவள் அழகாக ஓடினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அக்காள் ஐந்தாண்டில் எட்டியதை அவள் இரண்டாண்டில் கடந்தவள். நீர் அவளுக்குத் தரை. நேரே நடுக்காயலுக்குச் சென்று, மிதப்பவளை ஒருமுறை வட்டமிட்டாள். மனைவி கரையேறித் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, "அவளுக்கு நல்லா வருது, இல்லைங்க?" என்றாள்.

அவர் கம்பத்தின் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடி தொங்கியது.

காலை முதல் பலகைபோல் விறைத்து நின்ற கொடி, யாரோ கயிற்றை அறுத்தாற்போலத் துவண்டு கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. நீரின் மேல் சிற்றலை அடங்கி, காயல் எண்ணெயாய்க் கிடந்தது. மரங்களின் தலைக்கு மேலிருந்த மைக்கோடு இப்போது பாதி வானம். அதன் அடிவயிறு பச்சை. வலியவன் ஓங்குமுன் கையைப் பின்னிழுப்பது போலக் காற்று தன்னை உள்ளிழுத்துக்கொண்டது. இனி அது வரும். இம்முறை கடலிலிருந்தன்று, எதிர்ப்புறமாக, நிலத்திலிருந்து வரும். ஐந்தாண்டு கரையில் நின்றவருக்கு இது தெரியும். கேப்டனுக்கும் தெரியும். அவள் ஊதலை எடுத்தாள்.

அது ஒலிக்குமுன்பே அவர் ஓடினார்.

ஓடுகிறோம் என்பதை அறியாமல் ஓடினார். சட்டையோடும் காலணியோடும் நீருக்குள் இறங்கி, தொடையளவில் விழுந்தெழுந்து, மார்பளவில் நீந்தி, மணல்திட்டில் மீண்டும் கால் ஊன்றி ஓடினார். "ரிலீஸ் வேலை செய்யாது! கைட்டைக் கீழ இறக்கு! இப்பவே இறக்கு!" என்று கத்தியதாக அவர் நினைத்துக்கொண்டார். வாயில் இருந்தது உப்புநீர்.

குளிர்ந்த காற்று முதுகில் அறைந்தது. கண்முன்னே, நடுக்காயலில், தளர்ந்து தாழ்ந்திருந்த பட்டம் சவுக்கடி வாங்கிய விலங்காய்த் துள்ளி எழுந்தது. வாலு பலகையிலிருந்து பிடுங்கப்பட்டு நீரைக் கிழித்துக்கொண்டு போனாள். அவள் போன திசையில் பழைய படகுத்துறையின் கல்தூண்கள் வரிசையாக நின்றன.

அவள் கற்றவள், செய்ய வேண்டியதைச் செய்தாள். பிடிகோலை விட்டாள், வலக்கையை இடுப்புக்குக் கொண்டுபோனாள், தள்ளினாள். அவர் பார்த்தார். பட்டம் விழவில்லை. மீண்டும் தள்ளினாள். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்து, உடல் முழுவதையும் குறுக்கி, மூன்றாம் முறை தள்ளினாள். பட்டம் ஒரு வட்டம் போட்டது. அந்த வட்டத்தின் அடியில் அவள் நீரைவிட்டு எழுந்து, ஓர் ஆள் உயரம், இரண்டாள் உயரம், அங்கே ஒரு கணம் தங்கினாற்போலத் தோன்றி, தூண்களுக்கு இப்பால், முழங்கால் நீரில், பக்கவாட்டாக விழுந்தாள்.

பட்டம் முதல் தூணில் சுற்றிக்கொண்டு, நெடுகக் கிழிந்தது. அதனால் அவள் பிழைத்தாள். வேறு காரணம் தேட வேண்டியதில்லை, அவளைக் காத்தவன் எவனோ அவனுக்கு வணக்கம்.

அவர் முதலில் சென்று சேர்ந்தார். மழை கம்பியாய் இறங்கியது. கயிறுகள் இன்னும் அதிர்ந்து, வளையம் அவள் இடுப்பைத் தூணை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அவள் தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"மாமா, தள்ளினேன்," என்றாள். "திறக்கல."

"பேசாத."

"தள்ளினேன் மாமா."

தொழில் பழக்கத்தில் சட்டைப்பையிலேயே கிடக்கும் வெட்டுக்குறடு கைக்கு வந்தது. சிவப்பு நாடாவோடு சேர்த்து டையை நறுக்கினார். உறை தொட்டதும் திறந்தது, 'டக்'. வளையம் வாய் பிளந்தது, கயிறுகள் தளர்ந்தன. நறுக்கிய துண்டு நீரில் விழுமுன் அவர் விரல்கள் அதைப் பிடித்துப் பைக்குள் போட்டன. இணைத்த கையே எடுக்க வேண்டும். இருபது ஆண்டுப் பழக்கம்.

மனைவி வந்து சேர்ந்தபோது செவிலியாகத்தான் வந்தாள். தங்கையின் கழுத்தைப் பிடித்து, கண்ணிமையை விரித்து, "மூச்சு இழு. எங்க வலிக்குது? விரலை அசை," என்றாள். அவள் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் முற்பகல், விடுதியின் உணவுக்கூடத்தில், மற்ற மேசைகள் துடைத்து நாற்காலிகள் கவிழ்க்கப்பட்டிருந்தன. வெளியே பழுதற்ற வெயில். வாலுவின் வலத்தோளும் மார்பும் கட்டுக்குள் இருந்தன. காறை எலும்பு ஒன்று, விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தன. பைகள் வாசலில் காத்திருந்தன. கேப்டன் அந்தப் பிடிகோலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"நான் நேரா சொல்லிடறேன்," என்றாள். "இதை நேத்து முழுக்கப் பார்த்தேன். பாரு."

சுண்டுவிரலால் உறையைத் தொட்டாள். டக்.

"தொட்டாலே திறக்குது. வில்லே இல்ல. இதைத் தள்ளியிருந்தா திறக்காம இருக்க வழியே கிடையாது."

"நான் தள்ளினேன்," என்றாள் வாலு.

"தள்ளினதா நினைச்சிருப்ப. பயத்துல எல்லாருக்கும் வர்றதுதான், தப்பில்ல. ஆனா..." கேப்டன் ஊதலின் கயிற்றை விரலில் சுற்றினாள். "தண்ணியில பிள்ளைங்களை உன்கிட்ட விட முடியாதும்மா. அந்த வேலை இப்போதைக்கு வேண்டாம்."

வாலு இடக்கையை நீட்டிப் பிடிகோலைத் தன்பக்கம் இழுத்தாள். உறையைப் பூட்டினாள், தள்ளினாள். டக். பூட்டினாள், தள்ளினாள். டக். ஏழெட்டு முறை செய்தாள். இரண்டு நாளாக மருத்துவமனைக் கட்டிலில், தள்ளினேன் தள்ளினேன் என்று மருந்து மயக்கத்திலும் சொல்லிவந்தவளின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றாள் கடைசியில். "இதைத் தள்ளியிருந்தா திறந்திருக்கும். அப்போ நான் தள்ளவே இல்ல போல. கை அங்க போச்சுன்னு... இல்ல. தெரியல." அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "என் கையே என்கிட்ட பொய் சொல்லுது மாமா."

மனைவி பயணச்சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு, "என்னங்க," என்றாள்.

"ம்."

"நீங்க ஏன் முன்னாடியே ஓடினீங்க?"

"எப்போ?"

"காத்து வர்றதுக்கு முன்னாடி. கேப்டன் விசிலை எடுத்தாங்க, ஊதல. நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். இவளுக்கு ஒண்ணுமே ஆகல, சும்மா மிதந்துட்டிருந்தா. நீங்க செருப்போட ஓடினீங்க. பயம் வந்தா ரிலீஸைத் தள்ளிடுவான்னு எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் ஏன் தெரியாமப் போச்சு?"

கூடத்தின் மின்விசிறி சுழன்றது. அவர் பைக்குள் கைவிட்டார். இரண்டு நாளாக அங்கேயே இருந்தது அது. சட்டையை மாற்றியபோதெல்லாம் அதையும் மாற்றி வைத்திருந்தார். எறிய முடியவில்லை. எடுத்து மேசைமேல், பிடிகோலின் அருகே வைத்தார். சிவப்பு நாடா ஒட்டிய, நறுக்கப்பட்ட வெள்ளை டை. இரண்டு முனைகளும் அந்த உறையின் சுற்றளவுக்கே வளைந்து நின்றன.

"ஆறாம் நாள் காலையில கட்டினேன்," என்றார். "தானாத் திறக்குதேன்னு. சொல்லணும்னு இருந்தேன். வாலுகிட்ட கை மாறும்போதும் சொல்லத்தான் கூப்பிட்டேன்." அப்புறம், வேறெதுவும் சொல்லத் தோன்றாமல், "மூணு தடவை தள்ளினா. நான் பார்த்தேன். மூணாவது தடவை ரெண்டு கையாலயும்," என்றார்.

அவர் எதிர்பார்த்தது கூச்சலை. வந்தது வேறு. வாலு அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. விலா எலும்பு குத்த, கண்ணில் நீர் வழிய, இடக்கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தள்ளினேன்ல? அக்கா, கேட்டியா? நான் தள்ளினேன்!" அவரை நோக்கித் திரும்பினாள். "தள்ளினேன்ல மாமா?"

"தள்ளினம்மா."

தன்னை ஏறத்தாழக் கொன்றவனிடமே சான்று பெற்று மகிழும் அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பார்.

கேப்டன் எழுந்தாள். பிடிகோலை எடுத்துக்கொண்டாள். "தோள் ஆறட்டும். அடுத்த சீசனுக்கு வந்து சேரு," என்று வாலுவிடம் சொன்னாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் அமர்ந்திருந்த நாற்காலி காலியாக இருப்பதுபோல அதைச் சுற்றிக்கொண்டு போனாள். வாலு வண்டிக்காரரிடம் பேசுவதாகச் சொல்லி, மெல்ல, சுவரைத் தொட்டபடி வெளியே சென்றாள். வாசலில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

மேசையில் இருவர் எஞ்சினர். மனைவி அந்தத் துண்டை இரு விரலால் எடுத்தாள். அறுவை விளக்கின் கீழே பிடித்துப் பார்ப்பது போல வெளிச்சத்துக்கு உயர்த்தி, நாடாவைப் பிரித்து, உள்ளேயிருந்த வெண்மையைப் பார்த்தாள்.

"ரிலீஸ்னு கேட்டேன். ரூம்லயே தள்ளிப் பார்த்துட்டேன்னு சொன்னீங்க. நான் அடுத்த கேள்வி கேக்கல."

"ஆமா."

"சிகப்பு அட்டை இல்லாம ஒரு கம்பிகூடப் போட்டதில்லைன்னு சொன்னீங்க. இருபது வருஷமா."

அவர் தம் கையை விரித்து மூடினார்.

அவள் துண்டைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டாள். தையல் போடுமுன் கடைசி எண்ணிக்கைக்காக நிற்கும்போது வைத்துக்கொள்வது போல. குரலை உயர்த்தவில்லை.

"எத்தனை?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். அதற்குள் கண்முன்னே ஓர் உச்சி அறை வந்து நின்றது. அதன் சுவரில், ஆணியில் தொங்கிய சிவப்பு அட்டைகளில் ஒன்று, கம்பி போட்டபின்னும் எடுக்கப்படாமலே இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டடம். மூன்றாம் தளம். ஒரே ஒரு மணி நேரம் என்று கைகூப்பிய ஒருவர். இணைத்தது நினைவிருக்கிறது. எடுத்தது?

வெளியே கம்பத்தின் கொடி அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. மனைவி காத்திருந்தாள். அவர் எண்ணத் தொடங்கினார்.